ஒரு பவுண்டு நைட்ரஜன் என்ன விலை?

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், ராக்கெட்டுகள் கிளம்பும் கேப் கனாவரல் இருப்பது பிரெவர்ட் கவுண்டியில். கவுண்டி என்றால் ஏறக்குறைய நம்மூர் மாவட்டம். அங்கே 100 டாலருக்கு ஒரு சட்டை எடுத்தால் பில்லில் 7 டாலர் விற்பனை வரி சேரும். 6 டாலர் மாநில அரசுக்கு. அரை டாலர் பள்ளிக்கூடங்களுக்கு. மீதி அரை டாலர் ஒரு காயலுக்கு.

ராக்கெட் பார்க்க வந்தவரும் சரி, சுற்றுலாக் கப்பல் ஏறுமுன் செருப்பு வாங்குகிறவரும் சரி, தெரிந்தோ தெரியாமலோ அந்த அரை டாலரைக் கட்டிவிட்டுத்தான் போகிறார்கள். மளிகைச் சாமான்களில் பெரும்பாலானவற்றுக்கும் மருந்துக்கும் இது கிடையாது. அதனால் ஏழை வீட்டு அடுப்பை இது அவ்வளவாகத் தொடுவதில்லை. இன்னொரு விசித்திரமும் உண்டு. ஒரு பொருளின் விலையில் முதல் 5,000 டாலருக்கு மட்டுமே இத்தகைய உள்ளூர் வரி போடலாம் என்பது ஃப்ளோரிடாச் சட்டம். அதே காயலில் ஓட்டுவதற்கென்று லட்சம் டாலரில் படகு வாங்குகிறவர் காயலுக்காகக் கொடுப்பது வெறும் 25 டாலர்!

இந்த வரியை யாரும் மேலிருந்து திணிக்கவில்லை. 2016 நவம்பரில் வாக்குச்சீட்டில் கேட்டார்கள். வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 62 பேர் "சரி" என்றார்கள். வரி என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் ஊர் அது. அப்படிப்பட்டவர்கள் ஒப்புக்கொண்டதற்குக் காரணம், அந்த ஆண்டு மார்ச்சில் காயலில் செத்து மிதந்த மீன்கள். பனானா ரிவர் என்ற பகுதியில் வீட்டுக் கொல்லைப்புறக் கால்வாய்கள் எல்லாம் வெள்ளை வயிறுகளால் மூடிக்கிடந்தன. அந்த நாற்றம் வாக்குச்சாவடி வரைக்கும் வந்தது என்று சொல்ல வேண்டும்.

காயலின் பெயர் இந்தியன் ரிவர் லகூன். பெயரில் 'ரிவர்' இருந்தாலும் ஆறு இல்லை. அட்லாண்டிக் கடலுக்கும் ஃப்ளோரிடா நிலத்துக்கும் நடுவே, மணல் திட்டுத் தீவுகளுக்குப் பின்னால் 250 கிலோமீட்டர் நீளத்துக்கு நீண்டு கிடக்கும் உப்புநீர்ப் பரப்பு. சராசரி ஆழம் நாலடி. பல இடங்களில் பெரியவர் ஒருவர் நடுவில் போய் நின்றால் மார்பளவு தண்ணீர்தான் இருக்கும். கடலோடு கலக்க விரல்விட்டு எண்ணும்படியான முகத்துவாரங்களே உண்டு. வடபகுதியில், அதாவது விண்வெளித் தளத்தை ஒட்டிய இடங்களில், கடலின் ஏற்றவற்றம் எட்டிப்பார்ப்பதே இல்லை. காற்று தள்ளினால் தண்ணீர் நகரும், இல்லாவிட்டால் கிடக்கும். அங்கே விழுந்தது மாதக்கணக்கில் அங்கேயே சுற்றும். கோளாறின் பாதி இந்த அமைப்பிலேயே இருக்கிறது.

மீதிப் பாதி நைட்ரஜன். நாம் இழுக்கும் மூச்சில் 78 விழுக்காடு அதுதான். ஆனால் காற்றில் உள்ள நைட்ரஜனின் இரண்டு அணுக்களும் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருப்பதால் பெரும்பாலான உயிர்களுக்கு அது பயன்படாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃப்ரிட்ஸ் ஹேபர், கார்ல் போஷ் என்ற ஜெர்மானியர்கள் கடும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் அந்தப் பிடியை உடைத்து உரமாக்கும் வழியைக் கண்டார்கள். அதில் விளைந்த சோற்றைத்தான் உலகத்தில் பாதிப்பேர் சாப்பிடுகிறோம். பயிர் தின்றதுபோக மிஞ்சியது மழைநீரோடு போகிறது. நாம் தின்றதில் மிஞ்சியது கழிவறை வழியாகப் போகிறது. இரண்டும் போய்ச் சேருவது பள்ளமான இடத்துக்கு.

கடலில் மிதக்கும் நுண்பாசிகளின் உடலில் 16 நைட்ரஜன் அணுவுக்கு 106 கரிம அணு என்ற கணக்கு பெரும்பாலும் மாறாமல் இருக்கும். ஆல்ஃப்ரட் ரெட்ஃபீல்ட் என்ற கடலியலாளர் கண்டுபிடித்த விகிதம் இது. எடையில் பார்த்தால், ஒரு கிலோ நைட்ரஜன் உள்ளே வந்தால் பாசி கிட்டத்தட்ட ஆறு கிலோ கரிமத்தை இழுத்து உடம்பாக்கிக்கொள்ளும். அந்த உடம்பில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் கண்ணுக்குத் தெரியும் பாசியின் எடை இன்னும் பல மடங்கு. நாலடித் தண்ணீரில் இது நடந்தால் அடியில் இருக்கும் கடற்புல்லுக்கு வெளிச்சம் போய்விடும்.

கடற்புல்லைப் பலரும் பாசி இனம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது பூக்கும் தாவரம். வேர் உண்டு, தண்டு உண்டு, தண்ணீருக்கடியிலேயே மகரந்தம் பரப்பிக் காயும் வைக்கும். அதன் முன்னோர்கள் நிலத்தில் வாழ்ந்து, டைனோசர் காலத்தில் கடலுக்குத் திரும்பிய செடிகள். திரும்பியதற்கு இன்றுவரை ஒரு விலை கொடுத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றின் வேர்கள் புதைந்திருக்கும் சேற்றில் ஆக்சிஜன் கிடையாது. இலையில் தயாராகும் ஆக்சிஜனைத் தண்டுக்குள் இருக்கும் காற்றுக் குழல்கள் வழியாக வேருக்கு இறக்கியாக வேண்டும்; நிறுத்தினால் சேற்றில் ஊறும் கந்தக வாயு வேரைக் கொன்றுவிடும். ஆகவே கடற்புல்லுக்குத் தன் சாப்பாட்டுக்கு மேல் உபரியாகச் சம்பாதித்தாக வேண்டிய கட்டாயம். மிதக்கும் பாசிக்கு மேற்பரப்பு வெளிச்சத்தில் நூற்றில் ஒரு பங்கு போதும். கடற்புல்லுக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வேண்டும். தண்ணீர் கொஞ்சம் கலங்கினாலே பாசி ஜெயித்துவிடும், புல் தோற்றுவிடும்.

2011இல் அதுதான் நடந்தது. அதற்கு முன் இரண்டு குளிர்காலங்கள் வழக்கத்துக்கு மீறிக் கடுமையாக இருந்தன, மழையும் பொய்த்தது. காயலின் அடியில் உருண்டு திரியும் பெரிய பாசிக் கொத்துகள் அதுவரை சத்துகளைத் தம் உடம்பில் பிடித்து வைத்திருந்தன. அவை அழிந்தபோது அந்தச் சத்தெல்லாம் நுண்பாசிக்குப் போயிற்று என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மாதக்கணக்கில் காயல் பச்சையாகவே கிடந்தது. அடுத்த ஆண்டு பழுப்புப் பாசி வந்தது. டெக்சாஸின் லகூனா மாத்ரே காயலை 1990களில் ஆண்டுக்கணக்காகப் பழுப்பாக்கி வைத்திருந்த அதே இனம். ஒரு மில்லிமீட்டரில் இருநூறு செல்களை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு சிறிது. 2016 மார்ச்சில் மீன்களைக் கொன்றதும் இதுதான். நஞ்சு வைத்துக் கொல்லவில்லை. பகலில் ஆக்சிஜன் விடுகிற பாசி இரவில் அதை இழுத்துக்கொள்ளும். செத்த பாசியைத் தின்னும் பாக்டீரியாவும் இழுக்கும். விடிவதற்குள் மீனுக்கு மூச்சு இல்லை. 2011க்கும் 2019க்கும் இடையில் காயலின் கடற்புல்லில் ஏறத்தாழ 58 விழுக்காடு போய்விட்டது. புல் போனால் சேற்றைப் பிடித்து வைக்க வேர் இல்லை. அலை கிளறும், தண்ணீர் கலங்கும், மிஞ்சிய புல்லும் போகும்.

இந்த நைட்ரஜன் எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போனவர்களுக்குப் பெரிய ஆலையோ கறுப்புத் தண்ணீர் கக்கும் குழாயோ அகப்படவில்லை. 1990இலேயே வந்த மாநிலச் சட்டம் ஒன்று காயலுக்குள் கழிவுநீர் விடும் ஆலைகளை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. மிச்சமிருந்தது வீடுகள்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கொல்லையில் செப்டிக் டேங்க். கெட்டியானது அடியில் தங்கும். தெளிந்த நீர் துளையிட்ட குழாய்கள் வழியாக மணலுக்குள் இறங்கும். கிருமிகளை மணல் வடிகட்டிவிடுகிறது. ஆனால் சிறுநீரிலிருந்து வந்த அம்மோனியத்தை மண்ணில் இருக்கும் பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றுகிறது. மணல் துகளின் பரப்பிலும் எதிர்மின்னூட்டம், நைட்ரேட்டிலும் எதிர்மின்னூட்டம், ஒன்றோடொன்று ஒட்டாது. நிலத்தடி நீரோடு நைட்ரேட் பேசாமல் காயலைப் பார்த்து நடந்துவிடும். இதில் கவனிக்க வேண்டியது, செப்டிக் டேங்க் கெட்டுப்போனதால் வரும் தொல்லை இல்லை இது. சட்டப்படி கட்டி, பழுதில்லாமல் ஓடும் டேங்கிலிருந்தே இவ்வளவும் வருகிறது. அப்படிப்பட்ட டேங்குகள் அந்தக் கரையில் பல்லாயிரக்கணக்கில் இருக்கின்றன. விண்வெளித் திட்டம் சூடுபிடித்த 1960களில் அவசர அவசரமாகக் கட்டிய குடியிருப்புகளில் பலவற்றுக்குப் பாதாளச் சாக்கடை போட யாருக்கும் நேரம் இருக்கவில்லை. சந்திரனுக்கு ஆள் அனுப்பிய ஊரில் கழிவறைத் தண்ணீர் மணலுக்குள் போய்க்கொண்டிருந்தது!

வரிப்பணம் கையில் வந்ததும் எதற்குச் செலவழிப்பது என்பதில் பிரெவர்ட் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தது. ஒவ்வொரு திட்டத்துக்கும் நேராக ஒரே கேள்வி: ஆண்டுக்கு ஒரு பவுண்டு நைட்ரஜனைக் காயலுக்குள் போகாமல் நிறுத்த இதில் எத்தனை டாலர் ஆகும்? ஒரு பவுண்டு என்றால் 454 கிராம். பாதாளச் சாக்கடையோ, மழைநீர்க் குட்டையோ, சிப்பித் திட்டோ, எதுவானாலும் இந்த ஒரே தராசில் ஏறியாக வேண்டும். எந்த நகராட்சி வேண்டுமானாலும் திட்டம் கொண்டு வரலாம். பட்டியலைப் பார்த்து வடிகட்டுவது அறிவியல், நிதி, சுற்றுலா, வீட்டுமனைத் தொழில் முதலிய துறைகளில் இருந்து எடுத்த குடிமக்கள் குழு. ஆண்டுதோறும் திட்டத்தைத் திருத்தி எழுதுகிறார்கள். கேட்க உப்புச்சப்பில்லாமல் இருக்கும் இந்தக் கணக்குதான் என் கணிப்பில் அந்த வரியின் உயிர்நாடி. திறப்பு விழா வைக்கத் தோதான திட்டங்கள் எங்கேயும் முந்திக்கொள்ளும். மண்ணுக்கடியில் புதையும் குழாய்க்கு ரிப்பன் வெட்ட யார் வருவார்கள்? தராசில் குழாய் ஜெயித்தால் பணம் குழாய்க்குத்தான்.

முதல் திட்டத்தில் பெரும்பங்கு சேற்றுக்கு ஒதுக்கப்பட்டது. காயலின் பள்ளங்களில் பத்தடிக்கு மேல்கூடப் படிந்து கிடக்கும் கரிய கூழ் அது. உள்ளூர்க்காரர்கள் வைத்த பெயர் 'கறுப்பு மயோனைஸ்'. எடையில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். மீதி நுண்மண்ணும், மக்கிக்கொண்டிருக்கும் இலைதழையும் புல்வெட்டும். கையில் எடுத்தால் விரலிடுக்கில் வழியும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். தன் பங்குக்கு இதுவும் நைட்ரஜனைத் தண்ணீருக்குள் கசியவிட்டுக்கொண்டே இருக்கும், தரையிலிருந்து வருவதை முற்றிலும் நிறுத்தினாலும்கூட. அதைத் தூர்வாரிக் கரையில் தெளியவிட்டு, தெளிந்த நீரையும் சுத்தம் செய்தே திருப்பி விடவேண்டும். செலவு பிடிக்கும் வேலை. ஆண்டுத் திருத்தங்களில் பணத்தின் கணிசமான பங்கு சேற்றிலிருந்து கழிவுநீர்ப் பக்கம் நகர்ந்தது. வந்து படிந்ததை அள்ளிக்கொண்டிருக்கும்போதே புதிதாக வந்துகொண்டிருந்தால் அள்ளுவதில் என்ன இருக்கிறது?

கழிவுநீர்ப் பக்கத்தில் நடந்த வேலைகளில் எனக்குப் பிடித்தது புகைச் சோதனை. 2017இல் இர்மா சூறாவளி அடித்தபோது மழைநீர் சாக்கடைக் குழாய்க்குள் புகுந்து, தாங்கமுடியாத நிலையங்களிலிருந்து கோடிக்கணக்கான லிட்டர் கழிவுநீர் வெளியே கொட்டியது. மூடிய குழாய்க்குள் மழைநீர் எப்படிப் போனது? கண்டுபிடிக்க, ஆள்நுழை குழியின் வாயில் ஊதுவிசிறியை வைத்து தீங்கில்லாத வெண்புகையைத் தெருச் சாக்கடைக்குள் ஊதுகிறார்கள். சில நிமிஷத்தில் புல்தரைகளின் நடுவிலிருந்தும் பூச்செடிக்குப் பக்கத்திலிருந்தும் புகை எழும்புகிறது. எழும்பும் இடமெல்லாம் ஓட்டை. சில இடங்களில் குழாய் உடைந்திருக்கும். சில இடங்களில் வெறும் மூடிதான் காணாமல் போயிருக்கும்; அடைப்பெடுக்க வைத்த குழாய் வாயின் பிளாஸ்டிக் மூடியைப் புல்வெட்டும் இயந்திரம் எப்போதோ தட்டிவிட்டிருக்கும். சில டாலர் மூடி!

எதிர்பாராத சிக்கலும் வந்தது. செப்டிக் டேங்கை மூடிவிட்டுப் பாதாளச் சாக்கடையில் இணைத்தால் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். அங்கே சுத்தமாகும் நீரை வீணாக்காமல் புல்தரைக்குப் பாய்ச்சக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் பல நிலையங்கள் கிருமியை நீக்கினவே தவிர நைட்ரஜனை அவ்வளவாக நீக்கவில்லை. ஒரு கொல்லை மணலில் இறங்கியது ஊர் முழுக்கப் புல்தரையில் இறங்கியது. தராசில் வைத்துப் பார்த்தபோது நிலையங்களை மேம்படுத்துவது பவுண்டுக்கு மலிவான வேலைகளில் ஒன்று என்று தெரிந்தது. அதற்கும் பணம் போனது.

மழைநீர் வாய்க்கால்களின் ஓரத்தில் அவர்கள் செய்வது இன்னும் எளிமை. குழி எடுத்து மரச்சிராய் நிரப்பி, வாய்க்கால் நீரை அதற்குள் ஊறி நகரவிடுகிறார்கள். வேறு சில இடங்களில் மணலும் களிமண்ணும் பழைய டயர்த் துருவலும் சேர்த்த கலவை. நனைந்த சிராய்க்குள் கொஞ்ச தூரம் போனதும் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அங்கே இருக்கும் பாக்டீரியாவுக்கு மரம்தான் சாப்பாடு. ஆனால் மூச்சுவிட ஆக்சிஜன் இல்லை. அது நைட்ரேட்டிலிருக்கும் ஆக்சிஜனைப் பிய்த்துச் சுவாசிக்கும். பிய்த்தபின் மிஞ்சுவது வெறும் நைட்ரஜன் வாயு. குமிழாகக் கிளம்பிக் காற்றோடு கலந்துவிடும். ஹேபரும் போஷும் ஆலை கட்டி, நூற்றுக்கணக்கான டிகிரி சூடேற்றிக் காற்றிலிருந்து பிடுங்கியதை இந்தப் பொடி உயிர், வாய்க்கால் ஓரத்தில், சாதாரண வெப்பத்தில் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. சிராய் மக்கித் தீர்ந்ததும் மாற்றவேண்டும். அவ்வளவுதான் செலவு.

எல்லாவற்றிலும் மலிவு, காசே இல்லாத ஒரு விதி. ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை, அடைமழைக் காலத்தில், வீட்டுப் புல்தரைக்கு நைட்ரஜன், பாஸ்பரஸ் உரம் போடக்கூடாது. போட்டால் அடுத்த மழையில் அடித்துக்கொண்டு போய்விடும். புல்லுக்கும் ஆகாது, காயலுக்கும் ஆகாது.

இவ்வளவுக்கும் பிறகு 2021 வந்தது. அந்த ஒரே ஆண்டில் ஃப்ளோரிடாவில் சுமார் 1,100 மனாட்டிகள் செத்தன. அதற்கு முன் எந்த ஆண்டும் அவ்வளவு செத்ததில்லை. நம் பாக் நீரிணைக் கரையில் ஆவுளியா என்கிற கடற்பசுவுக்கு ஒன்றுவிட்ட சொந்தம் இந்த மனாட்டி. ஆவுளியாவைக் காக்க 2022இல் தமிழ்நாடு அரசு 448 சதுர கிலோமீட்டர் கடலைக் காப்பகமாக அறிவித்ததே, அதுவும் அடிப்படையில் கடற்புல் காப்பகம்தான். மனாட்டியின் கதி என்னவென்றால், 20 டிகிரிக்குக் கீழே தண்ணீர் குளிர்ந்தால் அதற்குத் தாங்காது. குளிர்காலத்தில் கேப் கனாவரல் மின்நிலையம் வெளியேற்றும் வெந்நீரைத் தேடி நூற்றுக்கணக்கில் வந்து கூடும். சூடு இருந்தது, சுற்றுவட்டாரத்தில் புல் இல்லை. வெளியே போனால் குளிர், உள்ளே இருந்தால் பசி. எலும்பும் தோலுமாகக் கரை ஒதுங்கின.

காட்டுவிலங்குக்குத் தீனி போடுவதில்லை என்ற கொள்கையைத் தளர்த்தி, அரசு அமைப்புகள் அந்த ஆண்டின் கடைசியில் தொடங்கிய குளிர்காலத்தில் மின்நிலையத்துக்கு அருகே நன்கொடைப் பணத்தில் லெட்யூஸ் கீரையைக் கொட்டின. மொத்தம் 2,02,000 பவுண்டு, ஏறத்தாழ 92 டன். கேட்க மலைப்பாக இருக்கும். வளர்ந்த மனாட்டி நாளொன்றுக்குச் சுமார் 30 கிலோ தின்னும் என்று வைத்துக்கொண்டால், அந்த மலை மொத்தமும் 100 மனாட்டிகளுக்கு ஒரு மாதச் சாப்பாடு. காயல் இதை ஆயிரக்கணக்கான மனாட்டிகளுக்கு ஆண்டு முழுக்க இலவசமாகப் போட்டுக்கொண்டிருந்தது. அடுத்த குளிர்காலத்திலும் கீரை கொட்டினார்கள். பின்னர் வடபகுதியில் புல் கொஞ்சம் துளிர்க்கத் தொடங்க, 2023 கடைசியில் அதை நிறுத்திவிட்டார்கள்.

வரி கட்ட ஆரம்பித்து நாலு வருஷம் கழித்தா இந்தச் சாவு என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பதில் மணலுக்குள் இருக்கிறது. ஒரு வீட்டின் செப்டிக் டேங்கை இன்று மூடினாலும், நேற்றுவரை அது இறக்கிய நைட்ரேட் நிலத்தடியில் காயலை நோக்கி ஊர்ந்துகொண்டுதான் இருக்கும். தூரத்தைப் பொறுத்து அது வந்து சேர ஆண்டுகள் ஆகும். சேறும் தன்னிடம் இருப்பதை மெல்லத்தான் விடும். புல் இறந்த இடத்தில் தண்ணீர் தெளிந்தாலும் விதையோ தண்டோ வந்து பற்றவேண்டும். இதைத் தெரிந்துகொள்ள மாநிலத்தின் மேற்குக் கரையில் இருக்கும் டாம்பா விரிகுடாவைப் பார்க்கலாம். 1970களில் நாறிக்கிடந்த விரிகுடா. டாம்பா நகரம் 1979 வாக்கில் தன் கழிவுநீர் நிலையத்தை நைட்ரஜன் நீக்கும்படி மாற்றிக் கட்டியது. 1982இல் 21,600 ஏக்கராக இருந்த கடற்புல் 40,000 ஏக்கரைத் தாண்டியது 2014இல். நடுவில் முழுசாக ஒரு தலைமுறை. அந்தக் காலத்தில் சுற்றுவட்டார மக்கள்தொகையும் பெருகிக்கொண்டே போனது என்பதைச் சேர்த்துப் பார்த்தால் அது பெரிய சாதனை. ஆனால் அங்கேயும் 2016க்குப் பிறகு புல் குறைய ஆரம்பித்து, 2022இல் 30,137 ஏக்கருக்கு இறங்கிவிட்டது. 2021இல் பைனி பாயின்ட் என்ற பழைய உர ஆலையின் கழிவுத் தேக்கம் உடையும் நிலைக்கு வர, 21.5 கோடி காலன் நீரை விரிகுடாவுக்குள் விட்டார்கள். பத்து நாளில் உள்ளே போன நைட்ரஜன் சுமார் 200 டன். நூற்றுக்கு அரை டாலர் வரியில் பவுண்டு பவுண்டாக எண்ணிச் சேமிக்கிறவர்கள் அந்தச் செய்தியை எப்படிப் படித்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இதில் உள்ளாட்சிக்கு ஒரு தீராத தலைவலி இருக்கிறது. சாலை போட்டால் சாலை தெரியும். வராமல் போன பாசியை, சாகாமல் போன மீனை, பில்லில் அரை டாலர் கட்டியவருக்கு எப்படிக் காட்டுவது? மழை குறைந்த ஆண்டில் தண்ணீர் தானாகவே தெளியும். புயல் வந்த ஆண்டில் எல்லா வேலையையும் மீறிக் கலங்கும். எது வரியால், எது வானத்தால் என்று பிரித்துச் சொல்வது விஞ்ஞானிகளுக்கே சிரமம். ஆகவேதான் பிரெவர்ட் பவுண்டுக் கணக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. காயல் என்ன சொல்கிறது என்று தெரிய நாளாகும். இந்த வருஷம் எத்தனை பவுண்டை நிறுத்தினோம் என்பதை இப்போதே சொல்லிவிடலாம்.

முதலில் ஆண்டுக்கு 3.4 கோடி டாலர் கிடைக்கும் என்று போட்ட கணக்கைத் தாண்டி வசூல் வந்துகொண்டிருக்கிறது. அந்தப் பணத்தைக் காட்டி மாநில அரசிடமும் மத்திய அரசிடமும் கூடுதல் மானியம் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் வாக்காளர்கள் கொடுத்த அனுமதி 10 ஆண்டுக்குத்தான். 2026 டிசம்பர் 31க்குப் பிறகு ஒரு நாள் வசூலிக்க வேண்டுமென்றாலும் திரும்பவும் வாக்குச்சீட்டில் கேட்டாக வேண்டும். ஊருக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகிறார்கள். அவர்களில் பலர் 2016 மார்ச்சில் அந்தக் கரையில் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்காதவர்கள்.